நீலமா பச்சையா

ஜனவரி 9

அன்புள்ள புள்ளிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் பேசினால் உன் அண்ணி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். போட்டால் பாதியில் அவளே பேச ஆரம்பித்துவிடுகிறாள். இது அவள் காதில் விழ வேண்டாத விஷயம். நம் லாரி வாராவாரம் உன் பக்கம் மெத்தை இறக்க வருகிறது. டிரைவரிடம் கொடுத்தால் உன் கைக்கே வந்து சேரும். பதிலையும் அவரிடமே கொடு.

வலது கை நடுங்குகிறது. டீ கிளாஸில் ஆரம்பித்தது. இப்போது கத்தி பிடிக்க முடியவில்லை. நான் கத்தியில் தொழிலை ஆரம்பித்தவன். ஃபோம் ஷீட்டை ஒரே இழுப்பில் அறுத்தால் நூல் பிடித்த மாதிரி வரும். போன வாரம் அறுத்தேன், எலி கடித்த மாதிரி வந்தது. வேலையாட்கள் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுக்கத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

நரம்பு டாக்டரிடம் போனேன். "உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா வயசோட கூடிக்கிட்டே போகும்" என்றார். "இருக்கிற மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல. புதுசா ஒண்ணு சோதனையில இருக்கு. பெரிய ஆள் செய்யறார். முடிவு வரட்டும்."

யார் அந்தப் பெரிய ஆள் என்று கேட்டேன். பக்தியோடு பெயரைச் சொன்னார். நம் கோட்டு.

உன் ஆராய்ச்சிப் பேராசிரியர், கேண்டீனுக்குக்கூட வெள்ளைக் கோட்டோடு போவான் என்று நீ சிரித்துச் சொன்ன அதே ஆள்தான். அவன் பெரிய கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று நீ தனியாக, மரியாதையாகப் போய்ச் சொன்னாய். எனக்கு விளங்க வைக்க நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மெத்தையைப் பாராட்டின வாடிக்கையாளரை மட்டும் பொறுக்கி நிக்க வைச்சு, அவங்ககிட்டயே மெத்தை எப்படின்னு கேட்டா எப்படி இருக்கும்? மூளைப் படத்துல மின்னுற இடத்தை மட்டும் எடுத்து, அதே படத்தை வைச்சே அது மின்னுதுன்னு நிரூபிச்சிருக்கார் அண்ணா." அதற்கு அவன் என்ன செய்தான்? நிறைந்த கூட்டத்தில் நீ படங்களை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டாய், மனசு சரியில்லாத பெண் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். உன் பட்டம் போயிற்று. அப்புறம் தப்பைத் திருத்த நீ சொன்ன முறையைத் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டான்.

அவன் மாத்திரையால்தான் என் கை நிற்க வேண்டும் என்றால் அது ஆடிக்கொண்டே இருக்கட்டும். அவன் விழுந்தான் என்று ஒரு நாள் நான் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தே கையின் நிலைமை புரிந்தது. கண் கலங்கியது என்று எழுதினால் திட்டுவீர்கள், அதனால் எழுதவில்லை.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு லாரியைத் தவறவிட்டேன். அந்தச் சோதனையின் கணக்கு என் மேசையில்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் எந்த மருந்துக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. சோதனைகளை வேறு யாரோ நடத்துவார்கள், எண்கள் மட்டும் எங்களிடம் வரும். டாக்டர் பெயர், மருத்துவமனை பெயர் எதுவும் இருக்காது. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு அதே போலத் தோன்றும் போலி மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கணக்குப் போடுகிற எனக்கும் தெரியாது. என்னிடம் இருப்பது "நீலம்", "பச்சை" என்ற இரண்டு குழுக்கள் மட்டும். எது மருந்து என்ற விவரம் வேறொரு இடத்தில் பூட்டியிருக்கிறது. நான் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பூட்டிய பிறகுதான் அந்தப் பூட்டைத் திறப்பார்கள். எங்கள் ஆசை கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

கோட்டுவுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், நடுக்கத்தை அளக்க நோயாளியைச் சுருள் வரையச் சொல்வார்கள். உலகம் முழுக்க நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வெளியிலிருந்து உள்ளே வரைய வைப்பார். "உள்ளே போகப் போக இடம் குறையும், நடுக்கம் ஒளிஞ்சுக்க முடியாது" என்று எங்களையும் வரைய வைத்திருக்கிறார். என் மேசையில் இருக்கும் அத்தனை சுருளும் வெளியிலிருந்து உள்ளே போகின்றன.

எனக்குத் தெரிந்த ஆள், பழைய பகை இருக்கிறது என்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு நான் விலக வேண்டும். அதுதான் விதி. படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடத்துக்கு மேல் பேனா போகமாட்டேன் என்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது. மாத்திரை நிஜமாகவே வேலை செய்தால் அது உங்கள் கைக்கான மருந்து.

அன்புத் தங்கை

*

ஜனவரி 30

அன்புள்ள புள்ளிக்கு,

உன் கடிதத்தைக் குடோனில் மெத்தை அடுக்குக்குப் பின்னால் நின்று படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் ஆள் ஓடி வந்தார், "முதலாளி, என்னாச்சு?" என்று. ஒரு பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது என்றேன்.

ஃபாரத்தைக் கிழி. நீ ஏன் விலக வேண்டும்? உன்னை வெளியே தள்ளும்போது அவன் எந்த ஃபாரம் நிரப்பினான்? நாம் தேடிப் போகவில்லை. தானாக வந்து நம் வாசலில் இறங்கிய லோடு. திருப்பி அனுப்பினால் நம்மைவிட முட்டாள் கிடையாது.

பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் ஒரு நாள் பிடிபடும், அந்த வியாபாரம் நான் செய்ததே இல்லை. ஆனால் எந்தத் தொழிலிலும் சட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கும். மெத்தை ஆறு அங்குலம் என்றால், அழுத்தி அளப்பதா, அழுத்தாமல் அளப்பதா? யாரும் எழுதி வைக்கவில்லை. வாங்கும்போது அழுத்தி அளப்பேன், விற்கும்போது அழுத்தாமல் அளப்பேன். இரண்டும் ஆறு அங்குலம்தான். உன் கணக்கில் அப்படி இடமே இல்லையா? எனக்கு உண்மையைச் சொல்.

என் கையைப் பற்றிக் கவலைப்படாதே. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டேன். உன் அண்ணி, "இனிமே அடிக்க வந்தாக்கூட குறி தப்பும்" என்கிறாள். நான் அடித்ததே இல்லை, அவளுக்கு வாய் அப்படி.

அண்ணன்

*

பிப்ரவரி 8

அண்ணா,

இடம் இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது. ஆனால் எது மருந்து என்று தெரியாமல் எந்தப் பக்கம் அழுத்துவது? கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தால் நம்மையே அடித்துக்கொள்வோம். இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை.

தங்கை

*

பிப்ரவரி 20

அன்புள்ள புள்ளிக்கு,

விட்டுவிடுவோம் என்று எழுதிவிட்டு, படிவத்தைக் கொடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன்னை வளர்த்தவன் நான். உனக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

கோட்டு இருக்கும் மருத்துவமனைக்கு மெத்தை சப்ளை நம்முடையதுதான். இந்தத் தடவை லோடோடு நானே போனேன். ஆட்கள் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்க, நான் கீழே நடுக்கக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்ததும் அவர்களே இடம் விட்டார்கள். பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர், ரிட்டயர் ஆனவர்.

"சோதனை மாத்திரையா சாப்பிடுறீங்க? எப்படி இருக்கு?" என்றேன்.

"வாய்ல மணலைக் கொட்டின மாதிரி இருக்கு. தண்ணி பாட்டில் இல்லாம தெருவுல இறங்கறதில்ல."

"கை?"

"கை தேவலாம். முன்னெல்லாம் நான் டீ குடிச்சா சட்டையும் சேந்து குடிக்கும். இப்ப நான் மட்டும்தான் குடிக்கிறேன்."

அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா பெருமூச்சு விட்டார். "எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. வெறும் மாவைக் குடுத்து ஏமாத்திட்டாங்க போல."

புரிகிறதா? மருந்து உள்ளே போனால் வாய் காய்கிறது. மாவு போனால் ஒன்றும் ஆவதில்லை. உன்னிடம் வந்த எண்களில் யாருக்கு வாய் காய்ந்தது என்று இருக்குமே? எந்த நிறத்தில் அதிகம் என்று மட்டும் பார். பூட்டைத் திறக்காமலே சரக்கு என்னவென்று மோந்து பார்த்துவிடலாம்.

அந்தக் கோட்டு எங்களைக் கடந்து போனான். பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் நிற்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்தேன். வாய் காய்ந்தது என்று சொன்னவர்கள் பச்சையில் அதிகம், நீலத்தைப் போல இரு மடங்கு. ஆகவே பச்சைதான் மருந்து.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

பாதியில் வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குணமாகாதவர்களாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது கடைசியாக வந்தபோது கை எப்படி இருந்ததோ அதையே முடிவாக வைக்கலாம். இரண்டுக்கும் ஆதரவாகப் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பச்சைக்கு எது பாதகமோ அதை எடுத்தேன். சிலருடைய சுருள் மட்டும் தாறுமாறாக இருந்தது. வரையும்போது யாராவது கூப்பிட்டிருக்கலாம். அதை நீக்கலாம், நீக்காமலும் விடலாம். பச்சைக்குக் கெடுதல் செய்பவற்றை விட்டுவைத்து, நீலத்துக்குக் கெடுதல் செய்பவற்றை நீக்க ஒரு விதியைத் தேடினேன். விதி கிடைத்தது. தேடினால் எப்போதும் கிடைக்கும். இரண்டு கைகளின் சராசரியா, மோசமான கை மட்டுமா? எத்தனையாவது வாரத்து அளவு? இப்படி வழி பிரியும் ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்தேன். தனித்தனியாக எதைப் பார்த்தாலும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்தபோது பச்சை படுத்துவிட்டது. நீலம் வெகு தூரம் முந்திவிட்டது.

போலி மாத்திரையிடம் தோற்ற மருந்து. அவர் தலையில் இதைவிடப் பெரிய கல்லை யாரும் போட முடியாது.

கையெழுத்துப் போட்டுப் பூட்டியாகிவிட்டது. இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. வீட்டுக்கு நடந்து வரும்போது நான் பாடிக்கொண்டு வந்ததாகக் கீழ்வீட்டம்மா சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

உங்கள் கை எப்படி இருக்கிறது? நீங்கள் எழுதவே இல்லை.

தங்கை

*

மே 3

அண்ணா,

பூட்டைத் திறந்தார்கள்.

பெரிய அறை, சுவரில் திரை. திரையில் அவர், அதே கோட்டு. எங்கள் பக்கம் கேமரா அணைத்திருந்தது, கணக்கு யார் போட்டது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பதால். சாவி வைத்திருந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார்: "நீலம், மருந்து. பச்சை, போலி."

நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பச்சையில் இருந்தது வெறும் மாவு இல்லை அண்ணா. மருந்து கொஞ்சம் வாயை உலர்த்தும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று போலி மாத்திரையிலும் வாயை உலர்த்தும் பொருள் ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். கலந்தது சற்றுத் தூக்கலாகிவிட்டது. சோதனைத் திட்டத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். என்னைப் போன்ற ஆளுக்காகவே போட்ட பூட்டு அது. இப்படியும் செய்வார்கள் என்று முதல் வருட மாணவிக்கே சொல்லிக்கொடுப்போம். எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

நான் தூக்கி நிறுத்தியது அவருடைய மருந்தை.

அவர் சொன்னார்: "இவ்வளவு கறாரா போட்ட கணக்கை நான் பார்த்ததில்ல. யார் போட்டாங்கன்னு தெரியாது. அவங்களுக்கு என் வணக்கம்." கை கூப்பினார். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எந்தப் பக்கமும் சாயாமல் நேராக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசமே இல்லை. மாத்திரை ஒன்றும் செய்வதில்லை.

தங்கை

*

மே 12

புள்ளி,

அவன் கும்பிட்டானாம், நீ சிரித்தாயாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெஞ்சில் மோப்பம் பிடித்த மூக்கு என்னுடையது. அதை நீ சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருக்கிறது.

போனது போகட்டும். கையில் இருப்பதைப் பார். மாத்திரை ஒன்றும் செய்யாது என்பது உனக்குத் தெரியும். எழுது. உன் மேலிடத்துக்கு எழுது, பத்திரிகைக்கு எழுது. நான் சாய்த்தேன், இப்படிச் சாய்த்தேன், நேராக வைத்தால் இதோ பூஜ்யம் என்று எழுது. அவன் தலையில் வைத்த கிரீடத்தை எல்லார் முன்னாலும் பிடுங்கு. கிரீடம் இல்லாதவனை விழ வைப்பதைவிட வைத்துப் பிடுங்குவது இன்னும் நன்றாக இருக்கும்.

வேலை போகும் என்று தயங்காதே. இது உன் அண்ணன் கடை. ஏசி அறையில் உன்னை உட்கார வைக்கிறேன். எழுது, எரி.

அண்ணன்

*

மே 24

அண்ணா,

சரி. ஆனால் வெறுமனே "சாய்த்தேன்" என்று எழுதினால், மனசு சரியில்லாத பெண் என்று மறுபடியும் சொல்லிவிடுவார். ஆகவே ஒவ்வொரு கிளையையும் இரண்டு பக்கமும் ஓட்டி, எத்தனை வழியில் போனாலும் எங்கே வந்து நிற்கிறது என்று முழுதாகக் காட்டப் போகிறேன். ஒரு எண்ணில்கூட அவர் விரல் வைக்கக் கூடாது. கொஞ்ச நாள் பிடிக்கும். பொறுத்திருங்கள்.

தங்கை

*

ஜூலை 6

அன்புள்ள புள்ளிக்கு,

எழுத்தைப் பார். கோடு நேராகப் போகிறதா? என் கைதான் எழுதியது, வலது கை.

மறைக்காமல் சொல்கிறேன். போன மாசம் அவனிடம் போனேன். முடிவு நன்றாக வந்ததால் இப்போது வெளி நோயாளிகளுக்கும் அந்த மாத்திரையைத் தருகிறார்கள். மருந்துக்காகப் போகவில்லை. விழப்போகிற ஆளை நிற்கும்போதே ஒரு தடவை பக்கத்தில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அப்புறம் நினைத்து நினைத்து ருசிக்கலாம் அல்லவா?

உள்ளே கூப்பிட்டான். "உக்காருங்க. என்ன தொழில்?"

"மெத்தை."

"அப்ப ஊரே உங்களால தூங்குது. நீங்க தூங்குறீங்களா?"

இந்தக் கை ஆட ஆரம்பித்ததிலிருந்து ஒருவரும் அதைக் கேட்டதில்லை. உன் அண்ணி கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. அவன் என் கையை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவனுக்கு அவசரமே இல்லை. ஆட்டம் தணியும் வரைக்கும் விடவில்லை. "நிறைய உழைச்ச கை இது. இப்ப கொஞ்சம் பிடிவாதம் பிடிக்குது. பேசிப் பாப்போம்" என்றான். மாத்திரை எழுதினான்.

குப்பையில் போடத்தான் வாங்கினேன். உன் அண்ணி எடுத்து வைத்து, வேளை தவறாமல் தண்ணீரோடு வந்து நின்றாள். சரி, ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததுதானே என்று விழுங்கினேன். சில வாரத்தில் டீ சிந்தாமல் குடித்தேன். நேற்று ஃபோம் அறுத்தேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். வேலையைப் பாருங்கடா என்று கத்திவிட்டு, குடோனுக்குள் போய் அழுதேன்.

நீயும் நானும் கலப்படம் செய்த சரக்கு அது. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நானே அதை வாங்கித் தின்கிறேன். இந்தக் காரியத்தை எந்த வியாபாரியும் செய்யமாட்டான். ஆனால் கை நிற்கிறது, புள்ளி. உன் நேர்க்கணக்கில் தப்பு இருக்கக் கூடாதா? அவ்வளவு பேரில் என்னைப் போல ஒருத்தனுக்கு நிஜமாகவே கேட்கக் கூடாதா?

எரி என்று சொன்னதும் நான்தான். தண்ணீர் கேட்பதும் நான்தான். அந்தக் கடிதத்தை அனுப்பாதே. அனுப்பினால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அவனை அடிக்க வேறு வழி பார்ப்போம், நானே பார்க்கிறேன். இதை மட்டும் விட்டுவிடு. உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அண்ணன்

*

ஜூலை 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என்னுடையது மேசைமேல் இருந்தது. எழுதி முடித்து, உறை ஒட்டாமல் இருந்தது. டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரை உங்களுடையதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு நேரான கோடு. பிறகு என்னுடையதை ஒட்டினேன். அது போய்விட்டது அண்ணா.

உங்களுக்கு நான் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பச்சைக் குழுவில், அதாவது போலி மாத்திரை தின்றவர்களில், பாதிப் பேருக்கு மேல் கை தணிந்திருக்கிறது. சட்டையில் டீ சிந்தாத உங்கள் கண்டக்டரும் அநேகமாகப் பச்சைதான். எல்லாருடைய கையையும் அவர் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருப்பார். உங்களுக்குக் கேட்டது மாத்திரை இல்லை, அந்தப் பிடி. அது எங்களிடம் வரும் எண்களில் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரு ஆளுடைய கை ஆதாரம் ஆகாது. அது என் அண்ணன் கையாக இருந்தாலும் ஆகாது.

நீலத்தில் சிலர் தலை சுற்றி விழுந்திருக்கிறார்கள். இடுப்பு உடைந்தவர்களும் உண்டு. ஒன்றும் செய்யாத மாத்திரைக்காக. அவர்களுக்காகத்தான் அனுப்பினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உங்களிடம் எதற்கு நடிப்பு? உறையை ஒட்டும்போது அவர்கள் ஞாபகம் எனக்கு வரவில்லை. "மனசு சரியில்லாத பெண்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாரே, அந்த முகம்தான் வந்தது. இனி அவரால் அப்படிச் சிரிக்க முடியாது என்று தோன்றியது. உங்கள் கையும் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் ஒட்டினேன்.

மருத்துவமனைப் பெஞ்சைப் பற்றி நான் எழுதவில்லை. வாய் உலர்ந்ததை எண்களில் நானே கவனித்ததாகத்தான் எழுதியிருக்கிறேன். முழுக் கடிதத்திலும் மறைத்தது அது ஒன்றுதான்.

மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள்.

என்னை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். விசாரணை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கடையில் உட்கார வைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏசி அறை வேண்டாம். வரட்டுமா?

உங்கள் புள்ளி

*

செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். முதலாளி சொல்லச் சொல்லக் கடைக் கணக்கர் எழுதுவது. முதலாளியால் இப்போது பேனா பிடிக்க இயலவில்லை.

தங்கள் ஜூலை மாதக் கடிதம் கிடைத்தது. செய்தித்தாளிலும் பார்த்தோம். சோதனை முடிவு செல்லாது என்று அறிவித்து, மாத்திரையை நிறுத்தி, டாக்டரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவருடைய பழைய கட்டுரைகளையும் தோண்டுகிறார்களாம். முதலாளி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடித்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு "சரி" என்றார்.

தாங்கள் கடையில் இடம் கேட்டிருந்தீர்கள். தற்சமயம் ஆள் தேவையில்லை என்று எழுதச் சொன்னார். தங்கள் பக்கத்து டெலிவரியை வேறு ஆளிடம் விட்டாயிற்று. ஆகவே லாரி இனி அங்கே வராது. பதில் எழுதுவதானால் தபாலில் அனுப்பவும்.

ஒரு விவரம் தேவைப்படுகிறது. அந்த டாக்டர் மருத்துவமனையை விட்டுப் போனபின் வீட்டிலேயே சிலரைப் பார்ப்பதாகக் கேள்வி. வீடு எங்கே என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவரிடம் படித்தவர் என்பதால் தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று முதலாளி சொல்கிறார். மாத்திரைக்காக இல்லையாம். சும்மா ஒரு தடவை கையைக் காட்டிவிட்டு வர வேண்டுமாம்.

முகவரியை மட்டும் எழுதி அனுப்பவும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
முதலாளிக்காக,
கணக்கர்